பீரோவில் மடித்து வைத்த காற்று

நானும் ரெஜினாவும் தினமும் காலை எட்டு ஐந்துக்குக் கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறுவோம். பெண்கள் பெட்டியில் மரகதவல்லி அக்கா எங்களுக்கு முன்பே செங்கல்பட்டில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, எங்கள் இருவருக்கும் துண்டு போட்டு வைத்திருப்பார். நான் எழும்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன். ரெஜினா நர்ஸ், அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்குவாள். அக்கா கடைசி ஸ்டேஷனான கடற்கரை வரைக்கும் போய், பாரிமுனையில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் இருபத்து மூன்று வருஷமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்தால் எழும்பூர் வரைக்கும் அவர் பேச்சுதான். எல்லாம் சிக்கனத்தைப் பற்றித்தான் இருக்கும். ஐம்பது வயது முடிவதற்குள் வேலையை விட்டுவிட வேண்டும், சேர்த்ததில் வரும் வட்டியிலேயே அவரும் வீட்டுக்காரரும் சாப்பிட வேண்டும், அதற்கப்புறம் எவனுக்கும் லீவு லெட்டர் எழுதக் கூடாது என்பது அவர் லட்சியம். அதில் தப்பில்லை. அதற்காக அவர் செய்ததாகச் சொன்ன காரியங்களைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் டீத்தூளில்தான் தொடங்கினார். ஒரு பாக்கெட் டீத்தூளை நாலு மாசம் ஓட்டுவதாகச் சொன்னார். அதெப்படி என்று ரெஜினா கேட்டாள். ஒரே தூளை மூன்று தடவை கொதிக்க விடுவாராம். நாலாவது தடவை தூளே போடுவதில்லையாம். பாக்கெட்டை எடுத்து வந்து தண்ணீருக்குக் காட்டுவாராம். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் வீட்டுத் தண்ணீர் அதைப் பார்த்ததுமே சிவந்துவிடுமாம்.

ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் சோப்பு வந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய குளியல் சோப்பு இன்னும் இருக்கிறதாம். தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். அவர் வீட்டுக்காரருக்கு வெள்ளெழுத்து வந்தபோது கண்ணாடி வாங்கச் செலவு செய்யாமல் அந்தச் சோப்பை ரெண்டாக வெட்டி பிரேமில் மாட்டிக் கொடுத்துவிட்டாராம். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற நான் சும்மா இருப்பேனா? மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நுரைக்கும். முகம் கழுவின செலவும் மிச்சம்," என்றார்.

சித்திரை மாசம், ரயிலுக்குள் அனல். ஃபேன் சுற்றியும் எல்லோரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு மட்டும் வேர்க்கவில்லை. அவர் வீட்டில் ஃபேன் போட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். பக்கத்து வீட்டில் ஏசி இருக்கிறது; அவர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் குளிர்ந்த காற்று வீணாக வெளியே வருமாம். அக்கா மார்கழியிலிருந்தே ஈரத்துண்டை விரித்துக்கொண்டு வாசலில் நின்று அந்தக் காற்றைப் பிடித்து, நாலாக மடித்து பீரோவில் அடுக்கிவிடுவாராம். கத்திரி வெயில் வந்ததும் தினம் ஒரு மடிப்பாக எடுத்து உதறினால் போதுமாம். போன வருஷம் அவர் வீட்டுக்காரர் தெரியாமல் ரெண்டு மடிப்பைச் சேர்த்து உதறிவிட்டதால் அவருக்கு மூக்கடைப்பே வந்துவிட்டதாம்.

எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்கா ஏதோ இலவச யோகா வகுப்புக்குப் போய் வந்தார். எதைச் செய்தாலும் மனசை அதிலேயே வைத்துச் செய்ய வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். நாங்கள் ரெண்டு பேரும் வராத ஒரு நாள் தாம்பரத்தில் ஒரு மெதுவடையை எடுத்து மனசை வைத்துக் கடித்தாராம். முதல் கடியில் உளுந்து தெரிந்தது. இன்னும் மென்றால் அந்த உளுந்து விளைந்த கொல்லை தெரிந்தது. சைதாப்பேட்டை வருவதற்குள் அந்தக் கொல்லையில் பெய்த மழையே நாக்கில் இறங்கிவிட்டதாம். ரெண்டாவது கடி கடிக்க வயிற்றில் இடமில்லை. அவர் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர் சீட்டுப் பெண்ணுக்கும் வயிறு நிறைந்து, கொண்டுவந்த டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனாளாம். மிச்ச வடையை அவரும் வீட்டுக்காரரும் வியாழக்கிழமை வரைக்கும் வைத்துச் சாப்பிட்டார்களாம்.

ஊசிப்போகாதா என்று ரெஜினா கேட்டாள். மனசை வைத்து மூடினால் ஊசாது என்று பதில் வந்தது.

ஆடி மாசம்தான் உச்சம். தி.நகரில் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. நானும் ரெஜினாவும் சனிக்கிழமை போவதாக இருந்தோம். அக்காவையும் கூப்பிட்டோம். தான் கடைக்குள் வரக் கூடாது என்று கடைக்காரர்களே கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முன்பொரு தடவை ஜவுளிக் கடையில் ஒரு புடவையைக் கையில் எடுத்து, இது எனக்கு வேண்டுமா என்று தன்னைத்தானே கொஞ்சம் சத்தமாகக் கேட்டுக்கொண்டாராம். பக்கத்தில் நின்ற பெண்ணும் தன் கையிலிருந்த புடவையைப் பார்த்து அதையே கேட்டாளாம். அது அப்படியே பரவி, மூன்று மாடியிலும் ஆளாளுக்குப் புடவையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்களாம். பில் போடுகிற பெண்கூடத் தான் கட்டியிருந்த புடவையை யோசனையோடு பார்த்தாளாம். அதிலிருந்து ஒவ்வொரு ஆடிக்கும் அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் செலவில் அக்காவையும் வீட்டுக்காரரையும் கொடைக்கானலுக்கு அனுப்பிவிடுகிறார்களாம்.

போட்டோ காட்டுங்கள் என்று ரெஜினா கையை நீட்டினாள். போட்டோ எடுத்தால் போன் தேயும், கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்துவிட்டோம் என்றார்.

அதே மூச்சில்தான் சொன்னார்: "ரெஜினா, நான் நினைச்ச அளவுக்குச் சேந்துடுச்சு. இந்த மாசத்தோட வேலைய விடறேன்."

"விடுங்கக்கா. உங்க ஓனரும் உங்களை ஊட்டிக்கு அனுப்பிடுவார்," என்றாள் ரெஜினா. பெட்டியே சிரித்தது. அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாசம் முடிந்தது. அடுத்த மாசம் முதல் தேதியும் அவர் வழக்கம்போலத் துண்டு போட்டு வைத்திருந்தார். நாங்கள் கேட்கக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து, கண்ணாடிக் கடை வேலையாக நான் பாரிமுனைக்குப் போக வேண்டியிருந்தது. மதியம் சாப்பாட்டு நேரம். அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவர் ஆபீஸைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து மாடி ஏறினேன். அவர் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள்.  பக்கத்து மேஜையில் இருந்த வயதான குமாஸ்தாதான் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தம்மா போன மாசக் கடைசியிலயே நின்னுட்டாங்க. ஓனர் ரெண்டாயிரம் ஏத்தித் தரேன்னார். 'போதும் சார்'னாங்க. கோபத்துல சொல்றாங்கன்னு நினைச்சு இன்னும் ஆயிரம் ஏத்தினார். அதுக்கும் 'போதும் சார்'தான். வேலையே போதும்னு சொல்றாங்கன்னு அப்புறம்தான் அவருக்குப் புரிஞ்சது."

என் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பினேன். இருபத்து மூன்று வருஷம். ஒரு பொம்பளை இத்தனை பெரிய காரியம் செய்திருக்கிறார். நாங்கள் அதை வடையோடும் சோப்போடும் சேர்த்துச் சிரித்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் ரெஜினாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கும் தொற்றிக்கொண்டதா என்று கேட்டாள். வேலை இல்லாதவர் எதற்குத் தினமும் காலையில் இந்த நெரிசலில் வர வேண்டும் என்றாள். 

ரயில் வந்தது. ஏறினோம். அக்கா துண்டை எடுத்தார், உட்கார்ந்தோம். நாங்கள் ஏறுவதற்கு முன்னால் பரனூரில் ரயிலை ஒரு மயில் பந்தயம் வைத்து ஜெயித்ததைப் பற்றி அவர் தொடங்கினார். ரெஜினா குறுக்கே புகுந்து, வேலையை விட்டுவிட்டீர்களாமே, நிஜமா என்று கேட்டாள்.

"அதான் அன்னைக்கே சொன்னேனே," என்றார் அக்கா.

 ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள். நிழலாகப் பார்த்து உட்கார்ந்து கப்பலைப் பார்ப்பாராம், லைப்ரரியில் பேப்பர் படிப்பாராம், யாரும் கூப்பிடாமல் நிதானமாகச் சாப்பிடுவாராம், சாயங்காலம் இதே ரயிலில் திரும்புவாராம். இதில் எதுவும் புளுகு மாதிரித் தெரியவில்லை.

"அதை வீட்லயே இருந்து செய்யலாமே அக்கா. இந்தக் கூட்டத்துல எதுக்கு வந்து கஷ்டப்படறீங்க?"

அக்கா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"மூணு மாச சீசன் டிக்கெட். வேலைய விடறதுக்கு முந்தின வாரம்தான் எடுத்தேன். இன்னும் அறுபத்தெட்டு நாள் பாக்கி இருக்கு. அதுல யாரு போறது?"