ஒரு புளியங்கொட்டை வித்தியாசம்

பட்டுப்புழுவுக்குப் பொங்கல் தெரியாது. கூடு கட்டப்போகும் வாரத்தில் ஒரு நாளைக்கு நான்கு வேளை மல்பெரி இலை கேட்கும். அந்த வருஷம் பண்டிகை சரியாக அந்த வாரத்தில் வந்து விழுந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவிகள் மூன்று பேர்: இசக்கியம்மாள், ஜெனோவா, சவிதா. "ஒருத்தர் இருந்தா போதும். யாருன்னு நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

போன வருஷமும் இப்படித்தான் சொன்னார். அதற்கு முந்தின வருஷமும். இரண்டு தடவையும் இருந்தவள் இசக்கியம்மாள். பேசியெல்லாம் முடிக்கவில்லை, மற்ற இருவரும் பெட்டியைக் கட்டினார்கள், அவள் கட்டவில்லை, அவ்வளவுதான். இருநூறு பேர் இருக்கிற விடுதியில் தன் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டபடி நான்கு நாள். மெஸ் மூடியிருக்கும். ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு, புழுக்கள் இலை அரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் அவற்றோடு பேச ஆரம்பித்திருந்தாள்.

"உனக்கென்னடி, பழகிடுச்சு" என்றாள் சவிதா இந்த வருஷமும்.

பழகிவிட்டதாம்! பூட்டிய கதவுகளுக்கு நடுவில் தனியாகச் சாப்பிட யாருக்காவது பழகுமா? ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தால் அதையே குணம் என்று எழுதிவிடுகிறார்கள். அவளுக்கு ஊரில் அம்மா மட்டும்தான். முந்தின நாள் போனில், "நீ வந்தா பானை வைப்பேன் தாயி. இல்லன்னா எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?" என்றிருந்தாள். இதை இசக்கியம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்று மட்டும் சொன்னாள்.

"குலுக்கல்லாம் சின்னப்புள்ளைங்க வேலை. போக்கர் ஆடுவோம். மூளை உள்ளவ ஊருக்குப் போகட்டும்" என்று சவிதா சீட்டுக்கட்டை எடுத்தாள்.

ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. நான்கு மணிக்கு இலை போட வேண்டும்; அதற்குள் ஆட்டம் முடியும்போது யாரிடம் கொட்டை குறைவோ அவள் இருக்க வேண்டும். கையில் இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து, எல்லோருக்கும் பொது, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரே குறியில் ஐந்து சேர்ந்தால் அது ஜோடியை வெல்லும். ஆட்டத்தில் நிற்கிறவர்கள் ஒரே அளவு கொட்டை வைக்க வேண்டும்; மற்றவர்கள் விட்டுவிட்டால் மிஞ்சியவளுக்கே குவியல். அந்த விடுதியில் இன்னொரு விதியும் உண்டு: ஆட்டத்தை விட்டாலும் ஜெயித்தாலும் சீட்டை எல்லோருக்கும் தெரிய மலர்த்தித்தான் வைக்க வேண்டும். முன்பு நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு வந்த விதி அது.

அன்று முழுக்க இசக்கியம்மாள் தானாகத் துணிந்து ஒரு கொட்டைகூட ஏற்றவில்லை, மற்றவர்கள் வைத்த அளவுக்குத்தான் வைத்தாள். நல்ல சீட்டில்லாமல் அவள் நகரமாட்டாள் என்று மற்ற இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

கடைசி ஆட்டம். நடுவில் நான்கு சீட்டு திறந்தாயிற்று, ஐந்தாவது பாக்கி. அதற்குள் ஆளுக்கு ஐந்தாகப் பதினைந்து கொட்டை நடுவில் குவிந்திருந்தது. ஜெனோவா மேலும் மூன்றை வைத்தாள், பதினெட்டாயிற்று. அவள் கையில் மிச்சம் பதினேழு.

சவிதா தன் குவியலையும் இசக்கியம்மாளின் குவியலையும் எண்ணினாள். "எனக்குப் பதிமூணு, உனக்குப் பன்னெண்டு. நான் விட்டுட்டேன்பா" என்று சிரித்துச் சீட்டை மலர்த்தினாள். இரண்டும் ஆட்டின், சிவப்பு இதயக் குறி. நடுவிலும் இரண்டு ஆட்டின் கிடந்தன.

இசக்கியம்மாள் கையில் இருந்ததும் இரண்டு ஆட்டின்தான். இன்னும் ஒன்று வந்தால் ஐந்து. வராவிட்டால் ஒரு ஜோடிகூட இல்லை. அவள் கண்ணில் படாத நாற்பத்து நான்கு சீட்டில் மிஞ்சியிருந்தவை ஏழே ஏழு ஆட்டின்.

விட்டுவிடலாம். மூன்று கொட்டை போட்டு ஐந்தாவது சீட்டைப் பார்க்கலாம். அல்லது...

"ரொம்ப யோசிக்காதட்டி, புழு பசியில இருக்கு" என்றாள் ஜெனோவா.

இசக்கியம்மாள் பன்னிரண்டையும் நடுவில் தள்ளினாள்.

ஜெனோவாவின் சிரிப்பு நின்றது. ஆட்டத்தில் நிற்க அவள் இன்னும் ஒன்பது வைக்க வேண்டும். மூன்று குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம் மக்கா" என்று சீட்டை மலர்த்தினாள். ராஜா ஜோடி!

இசக்கியம்மாள் தன் சீட்டை மலர்த்தினாள். சவிதா எகிறினாள். கட்டிலிருந்து ஐந்தாவது சீட்டைத் தானே பிடுங்கித் திறந்தாள். க்ளாவர், கறுப்புக் குறி.

"பாரு! கையில ஒண்ணுமே இல்ல, இவ தோத்திருப்பா! பொய்யா தள்ளி ஏமாத்திட்டா. ஜெனோ, ராஜா ஜோடியை வச்சுக்கிட்டு யாராவது விடுவாங்களா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்க. நான் இருக்க மாட்டேன்!"

வாசிக்கிறவர்களே, நீங்களே சொல்லுங்கள். எண்ணிப் பார்த்து விட்டவள் சவிதா, ஜெயிக்கிற சீட்டை விட்டவள் ஜெனோவா, வராத சீட்டை நம்பித் தள்ளியவள் இசக்கியம்மாள். இதில் யார் செய்தது சரி?

*

விடை: இசக்கியம்மாள் விட்டிருந்தால் பன்னிரண்டோடு அவளே கடைசி. மூன்று போட்டுப் பார்த்திருந்தால் ஆறில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை. தள்ளினால்தான் ஜெனோவாவும் யோசித்தாக வேண்டும். ஜெனோவாவுக்கு ஜெயிக்க அவசியமே இல்லை, கடைசியாகாமல் இருந்தால் போதும். விட்டால் பதினேழு, சவிதாவின் பதின்மூன்றுக்கு மேல். நின்று தோற்றால் எட்டு. ராஜா ஜோடி இருந்தாலும் அவள் விட்டது சரி, அதை முன்கூட்டிக் கண்டு இசக்கியம்மாள் தள்ளியதும் சரி. இதில் சதியும் இல்லை, பொய்யும் இல்லை. நடுவில் கிடந்ததோடு சேர்த்தால் சவிதாவுக்கும் அதே நான்கு ஆட்டின்தான். அந்தத் தள்ளலை அவள் முதலில் செய்திருக்கலாம். இசக்கி வாய் திறக்கமாட்டாள் என்பதையும் தன் கொட்டையோடு சேர்த்து எண்ணிவிட்டாள். அன்று சாயங்காலம் சவிதா கூடையை எடுத்துக்கொண்டு இலை பறிக்கப் போனாள். ஜெனோவாவும் சொல்லாமலே கிளம்பிவிட்டாள். இசக்கியம்மாள் ஊருக்குப் போகும் பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஜெயித்ததைச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் இறங்கவில்லை, அவள் போனால்தான் அம்மா பானை வைப்பாள்.