கை படாத கொழுக்கட்டை

“எனக்கு வீடு வேண்டாம் தாயே. காவி குடுங்க.”

தீத்தாரப்பன் இதை நின்றுகொண்டே சொன்னான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

புளியங்குடியில் டவுன் பஸ் கண்டக்டர். பதினாறு வருஷ சர்வீஸ். காலில் சக்கரம் கட்டின மனுஷன் என்று டெப்போவில் சொல்வார்கள். பெண்டாட்டி சண்முகவடிவு காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சக்கரம் நெஞ்சுக்குள்ளும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஓர் இடத்தில் அரை நாழிகை இருப்புக் கொள்ளவில்லை.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடு வேய்ந்த சின்ன மடம். அதில் இருந்தவளை எல்லோரும் தாயார் என்றார்கள். வயது முப்பதுகூட இருக்காது. தீத்தாரப்பனுக்கு அவள் தங்கச்சி மாதிரி. ஆனாலும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றான்.

தாயார் அதிகம் பேசமாட்டாள்.

“பிள்ளைங்க?”

“ரெண்டு. மூத்தவ பேச்சி, ஏழு வயசு. சின்னவன் கொம்பையா, நாலு. ராஜபாளையத்துல எங்க அக்கா இருக்கா. ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டா.”

“இப்போ சாப்பாட்டுக்கு என்ன செய்யிறீங்க?”

“எட்டு மாசமா ஓட்டல் பார்சல்தான். அடுப்படிக் கதவைச் சாத்திப் போட்டுட்டேன்.”

“ஏன்?”

அவன் வெளியே மலையைப் பார்த்தான்.

“திறந்தா, அவ அங்க இருக்க மாட்டா தாயே.”

தாயார் அவன் பக்கம் திரும்பினாள்.

“உங்க பிள்ளைங்க கையால பிடிச்ச கொழுக்கட்டை ஒண்ணு கொண்டு வாங்க. அடுப்புப் பத்தவைக்கிறதும் சுடுதண்ணி ஊத்துறதும் உங்க பாடு. மாவுல மட்டும் உங்க கை படக் கூடாது. கொண்டுவந்த அன்னிக்கே காவி தாரேன்.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

*

மறுநாளே வந்துவிட்டான்.

தூக்குவாளியில் ஒரே ஒரு பிடி கொழுக்கட்டை. வெல்லமும் தேங்காயும் மணத்தன. நாலு விரல் பதிந்த தடம் வரிசையாக, அழகாக இருந்தது.

தாயார் அதைக் கையில் எடுத்தாள். ஒரு தடத்துக்குள் தன் விரலை வைத்தாள். விரலுக்கு இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது.

“பேச்சிக்கு இவ்வளவு தடி விரலா?”

தீத்தாரப்பன் தலை குனிந்தான்.

விடியும் முன்னே, பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னே, எதிர்வீட்டு அடுப்பில் அவனே செய்தது அது.

*

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சண்முகவடிவு போன பிறகு முதல்தடவையாக அடுப்படித் தாழ்ப்பாளை நீக்கினான். உள்ளே ஏறிட்டுப் பார்க்கவில்லை. சட்டி, தட்டு, கரண்டி, எல்லாவற்றையும் கைக்கு அகப்பட்டபடி வாரிக்கொண்டு, கடையில் வாங்கின மாவும் வெல்லமும் வைத்திருந்த கூடத்துக்கு வந்தான். கதவைத் திரும்பச் சாத்தினான்.

பிள்ளைகளை எதிர் எதிரே உட்கார வைத்து நடுவில் நின்றான்.

“சிந்தாத. கையக் கழுவு. வாயில வைக்காதலே. சீக்கிரம், சீக்கிரம்.”

கொம்பையா மாவை அள்ளித் தன் தொடையில் கொட்டிக்கொண்டான். ஏன் கொட்டினான் என்று அவனுக்கே தெரியாது. தீத்தாரப்பன் போட்ட சத்தத்தில் பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

பேச்சி ஒருத்தியாகப் பத்துக் கொழுக்கட்டை பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்வீட்டு அடுப்பில் வைத்து, வெந்ததும் வேகாததுமாக எடுத்துக்கொண்டு மடத்துக்கு ஓடினான்.

தாயார் பார்த்தாள். சின்ன விரல்கள்தான். ஆழமாக, நகம் தெரிகிற அளவுக்கு அழுந்தியிருந்தன.

“இதப் பிடிக்கையில பேச்சி என்ன பேசுனா?”

“ஒண்ணும் பேசல.”

“இதுல சின்னவன் பிடிச்சது எது?”

“அவன்... கட்டிலுக்கு அடியில இருந்தான்.”

தாயார் தூக்குவாளியை மூடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சாமியார்னு நெனச்சு வந்தேன். நீங்க பரீட்சை வைக்கிற டீச்சரால்லா இருக்கீங்க? ஊருல வேற மடமே இல்லியா?”

“இருக்கு,” என்றாள் தாயார்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் வாசுதேவநல்லூர் வரைக்கும் நடந்தான். அங்கேயும் நிற்காமல் புளியங்குடி ரோட்டில் நடந்தான். தெரிந்த டிரைவர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, “ஏறுமய்யா” என்றார். ஏறி, காலி சீட் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

*

ஒரு வாரம் அவன் மடத்தை நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று இருந்தான்.

ஞாயிறு காலையில் இட்லிப் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். கூடத்தில் பிள்ளைகளைக் காணவில்லை.

அடுப்படிக் கதவு ‘ஆ’வென்று திறந்துகிடந்தது.

உள்ளே தரையெல்லாம் போன வாரம் மிஞ்சின மாவு. நடுவில் கொம்பையா, புருவம் முதல் முழங்கால் வரை வெள்ளையாக உட்கார்ந்திருந்தான். பேச்சி வெல்லத்தைத் துணியில் முடிந்து, அம்மிக் குழவியால் தட்டிக்கொண்டிருந்தாள்.

தீத்தாரப்பனுக்குக் கை ஓங்கி வந்தது.

“அப்பா, தண்ணியக் கொதிக்க வைங்க,” என்றாள் பேச்சி நிமிர்ந்து பார்க்காமலே. “எங்களுக்கு அடுப்பு எட்டல.”

ஓங்கின கையால் அவன் பாத்திரத்தை எடுத்தான். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

“எவ்வளவு தண்ணி?”

“அந்தச் சொம்புக்கு ஒண்ணு. அம்மா கொதிக்கும்போதே உப்புப் போடுவா. ஒரு சிட்டிகை.”

“வெல்லத்துக்கு எதுக்கு உப்பு?”

“அம்மா போடுவா.”

போட்டான். வெல்லத்தைக் கரைத்தான். வடிகட்டி மாவில் ஊற்றினான். சூடு ஆறும்வரை பிள்ளைகளின் கையைப் பிடித்துவைத்துக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் நாலு கையாலும் பிசைந்தார்கள்.

“பிசையும்போது அம்மா கதை சொல்லுவா,” என்றாள் பேச்சி.

“எனக்குக் கதை தெரியாதேம்மா.”

“சொல்லுங்க.”

அவனுக்குத் தெரிந்தது ஒரே ரூட்டுதான்.

“ஒரு பஸ்ஸு கடையநல்லூர்ல கிளம்புச்சு. சொக்கம்பட்டியில ஒரு ஆடு ஏறுச்சு.”

“டிக்கெட் எடுத்துச்சா?” என்றான் கொம்பையா.

“அரை டிக்கெட்.”

கொம்பையா சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது.

“அப்புறம்?”

“அப்புறம் புளியங்குடி. ஒரு அம்மா ஏறுனா. கையில ரெண்டு பிள்ளை.”

வாயில் வந்துவிட்டது. அவன் நினைத்துச் சொல்லவில்லை.

பேச்சியின் கை மாவுக்குள் நின்றது.

“அந்த அம்மா எங்க இறங்குனா?”

வெளியே எங்காவது போய்விடலாம் போல இருந்தது அவனுக்கு. கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் கொம்பையா உட்கார்ந்திருந்தான்.

“பாதி வழியில. ஸ்டாப்பே இல்லாத எடத்துல.”

“பிள்ளைங்க?”

“பஸ்ஸுக்குள்ளதான் இருக்கு.”

“யாரு கூட?” என்றான் கொம்பையா.

தீத்தாரப்பன் வாசலை விட்டுத் திரும்பி அவனைப் பார்த்தான்.

“கண்டக்டர் கூட.”

பேச்சி அழுதாள். தாயைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத பிள்ளை, மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டி முட்டி அழுதாள். தீத்தாரப்பன் அந்த மாவுத் தரையிலேயே சரிந்து உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனும் அழுதான்.

கொம்பையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு பிடி மாவை எடுத்து, இரண்டு கையாலும் அமுக்கி, அப்பாவின் முழங்காலில் கொண்டுவந்து வைத்தான்.

“இது ஆடு,” என்றான்.

*

வெந்ததில் பாதி உடைந்துபோயிற்று. ஒன்று கல்லாகவும் ஒன்று கூழாகவும் இருந்தது. இட்லிப் பார்சலை யாரும் பிரிக்கவில்லை.

“அம்மா செஞ்ச மாதிரி இல்ல,” என்றாள் பேச்சி. இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கொம்பையாவின் ஆடு. தீத்தாரப்பன் அதைத் தூக்குவாளிக்குள் பத்திரமாக எடுத்துவைத்தான்.

*

மறுநாள் மத்தியானம் மடத்துக்கு வந்தான்.

தாயார் தூக்குவாளியைத் திறந்தாள். அடியில் வெல்லக் கறை மட்டும் இருந்தது.

“ஒண்ணு இருந்துச்சு தாயே. ரெண்டு பேரும் சேந்து பிசைஞ்ச மாவு. சின்னவனே பிடிச்சது. நான் தொடவே இல்ல. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்.”

“எங்க அது?”

“காலையில பால்வாடிக்குக் கிளம்பும்போது கேட்டான். குடுத்துட்டேன்.”

“குடுக்கும்போது என் ஞாபகம் வரலியா?”

“வரல தாயே.”

“காவி ஞாபகம்?”

தீத்தாரப்பன் சுவரில் கடிகாரத்தைத் தேடினான். மடத்தில் கடிகாரம் இல்லை.

“மணி என்ன இருக்கும்?”

தாயார் எட்டி முற்றத்து வெயிலைப் பார்த்தாள்.

“மூணு இருக்கும்.”

“அய்யய்யோ, மூணரைக்குப் பால்வாடிய விட்டுருவாங்களே. பிள்ள வாசல்ல வந்து நிப்பான்.”

தூக்குவாளியை எடுக்க மறந்து, கும்பிடவும் மறந்து, தீத்தாரப்பன் ரோட்டைப் பார்த்து ஓடினான்.