பச்சைப் பட்டை

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எந்தக் காலம் என்றும் கேட்காதீர்கள். ஆற்றுக்கு மேற்கே ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் நெஞ்சு நோவுக்கு வைத்தியம் பார்க்கிற வேலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவன் நஞ்சப்பன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பிறகு வந்தவன்.

ஒருநாள் காலை அவன் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கி அவள் முன்னால் வைத்தான்.

“இது என்னங்க அம்மிணி?”

“மருதம்பட்டை.”

“காய்ஞ்சிருக்குதே.”

“போன தையில உரிச்சது. நெழல்ல காய வெச்சேன்.”

“காய்ஞ்ச பட்டை கேக்குமா?”

“நல்லாக் கேக்கும். இடிக்கவும் வாகு.”

நஞ்சப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“என் ராமாத்தாளுக்கு அன்னன்னிக்கு உரிச்ச பச்சைப் பட்டைதான் வேணும்னீங்க. கட்டுனவன் கையாலதான் உரிக்கணும்னீங்க. முப்பத்தோரு நாள் ஆத்தோரம் நடந்தேன். விடியப் போனா உச்சிக்குத்தான் வீடு வந்து சேருவேன்.”

“ஆமா.”

“கடைசி நாள் மடியில பட்டையோட வந்தேன். வாசல்ல சனம் நின்னுது. அன்னிக்கும் இந்தப் பானை இங்கதான் இருந்துதா?”

“இந்தப் பானை இல்ல. வேற பானை.”

நஞ்சப்பன் பானைக்குள் கைவிட்டு ஒரு பட்டையை எடுத்துப் பார்த்தான்.

“அவ பொழைக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“மொத நாள் நாடி பிடிச்சப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா என்னை அனுப்புனீங்க? அத்தனை நாளும் அவ பக்கத்துல இருந்திருப்பேனே.”

வேலாத்தாள் பானையை மூடினாள்.

“ஏன்னு சொல்லுங்க.”

“அது நான் சொல்றதுக்கில்லண்ணா.”

“மரத்தைக் கும்பிட்டுட்டுத்தான் கத்தி வெக்கணும், பொழுது மொளைக்கிற பக்கம் ஒரு சாண்தான் உரிக்கணும், உரிச்ச எடத்துல சாணியும் மண்ணும் பூசணும்னு எல்லாஞ் சொல்லிக் குடுத்தீங்க. இதை மட்டும் சொல்ல மாட்டீங்களா?”



அந்த நேரம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஆண்டியப்பன் என்பவன் தன் மனைவி தெய்வானையைக் கைத்தாங்கலாக இறக்கினான். நான்கு படி ஏறுவதற்குள் அவள் மூன்று முறை நின்றாள்.

வேலாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். “நாடியை நீங்க பாருங்கண்ணா. சொல்றதையும் நீங்களே சொல்லுங்க.”

நஞ்சப்பன் தெய்வானையின் கையைப் பிடித்தான். நாடி துடித்தது, நின்றது, ஏதோ ஞாபகம் வந்தாற்போல் மறுபடி துடித்தது. முதல் நாள் ராமாத்தாளின் கையிலும் இப்படித்தான் துடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஆண்டியப்பன் பொறுக்க மாட்டாமல் பேசினான். “மரம் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே போறேன். நாந்தான் உரிக்கணுமாமே? கத்தி தீட்டவே எனக்கு ஒரு பொழுது போச்சு. மரத்தை வெட்டவா போறீங்கன்னு இவ கேலி பேசறா.”

தெய்வானை சிரித்தாள்.

நஞ்சப்பன் வேலாத்தாளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பானையைத் திறந்தான். இரண்டு கை அள்ளித் துணியில் முடிந்து ஆண்டியப்பனிடம் நீட்டினான்.

“நீங்க எங்கயும் போக வேண்டாம். இடிச்சுப் போட்டு, எட்டுப் பங்குத் தண்ணி ஒரு பங்காச் சுண்டற வரைக்கும் காய்ச்சி, பால் ஊத்திக் குடுங்க.”

“பச்சைப் பட்டைதான் கேக்கும்னாங்களே?”

“பட்டையில ஒண்ணுமில்லைங்க. நீங்க அவங்க பக்கத்துலயே இருங்க. இருக்கற நாளுக்கு ஒரு நாழிகூட நகராதீங்க.”

ஆண்டியப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். விளங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வண்டியில் வைக்கோலைப் பரப்பப் போனான்.

நஞ்சப்பனுக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சிரிப்பைக் காணோம்.

“கெடுத்துட்டீங்களே.”

“என்னம்மா?”

“பட்டையைக் குடிச்சுப் பொழைக்கவா நான் வந்தேன்?” மூச்சு வாங்கினாள். “ராப்பகலா அவர் எம் மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறார். ஒரு மொனகல் மொனக முடியல. வலிக்குதான்னு கேப்பார், இல்லீங்கன்னு சிரிக்கணும். தெனம் அரை நாள் அவர் அங்கிட்டுப் போனா, வாய்விட்டுக் கத்திக்கலாம்னு வந்தேன்.”

“இதுக்குத்தான் கட்டுனவனை அனுப்பறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“பொம்பளைங்க எல்லாருக்குந் தெரியும். நாடி பாக்கறப்போ வெரலை அழுத்துனாப் போதும், அந்தம்மா புரிஞ்சுக்கும்னாங்க. உங்க வெரலை ரெண்டு தடவை அழுத்துனேனே.”

அழுத்தியிருந்தாள்தான். அதை வலி என்று அவன் நினைத்திருந்தான்.

ஆண்டியப்பன் திரும்பி வந்தான்.

“இருங்க,” என்றான் நஞ்சப்பன். “யோசிச்சுப் பாத்தேன். பச்சைப் பட்டையே நல்லது. நாளைக்கு விடிய நீங்க—”

“வேண்டாமுங்க.” ஆண்டியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “ஏழு பேர்கிட்ட அலைஞ்சேன். உள்ளதைச் சொன்னவர் நீங்க ஒருத்தர்தான். அதை மாத்தாதீங்க. இனி இவளை விட்டு ஓரடி நகர்றதில்ல.”

பிறகு மனைவியிடம் கேட்டான். “வலிக்குதா?”

“இல்லீங்க,” என்று சிரித்தாள் தெய்வானை.

வண்டி புறப்பட்டது. ஆண்டியப்பன் அவள் கையை விடாமல், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வண்டியோடு நடந்து போனான்.

வெகுநேரம் கழித்து நஞ்சப்பன் கேட்டான்.

“ராமாத்தாளும் அழுத்துனாளா?”

வேலாத்தாள் எழுந்து கூடையை எடுத்தாள்.

“மெதுவாவா, பலமாவா?”

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.