வருகைப் பதிவேடு

கல்லாத்துமேட்டு ஓராசிரியர் பள்ளியின் வாத்தியார் பரிதியப்பனுக்கு மறுநாள் பட்டிமன்றப் பேச்சுக்கு ஒரு முடிவுரை வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில், பள்ளியைத் திறக்காமல் மலையடிவாரத்துக்குத் தன் குரு குகநாதரைத் தேடி வந்தார்.

வாத்தியாருக்கு ஐம்பத்தேழு வயது. குருவோ அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வாத்தியார் அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். மனைவி இறந்த வருஷத்தில், யார் பக்கத்திலாவது போய் உட்கார்ந்தால் தேவலை என்று வந்தவர். ஆறு வருஷமாக வருகிறார்.

வாத்தியார் பெரிய பட்டிமன்றப் பேச்சாளர். கல்வி மத்திய அரசின் கையில் இருக்க வேண்டுமா, மாநில அரசின் கையிலா என்ற தலைப்புக்கு அந்த வருஷம் நல்ல கிராக்கி. வாரத்தில் மூன்று நாள் எங்காவது மேடை இருக்கும். அந்த மூன்று நாளும் பள்ளிக்குப் பூட்டு. மாவட்டம் முழுக்கச் சுவர்களில் அவர் பெயர் ஒட்டியிருந்தது. வீட்டில் பொன்னாடைகள் குவிந்து கிடந்தன. ஆனால் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், எப்படிப் பேசினீர்கள் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. அந்த வெறிச்சோடிய வீட்டுக்குப் பயந்தே அடுத்த மேடைக்கும் தலையாட்டிவிடுவார்.

"வாங்க வாத்தியாரே. இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"

"நாளைக்குப் பெரிய மேடை சாமி. தயார் பண்ணணும். ஒரு சந்தேகம், அதான் வந்தேன்."

"கேளுங்க."

"பள்ளிக்கூடம் யாருக்குச் சொந்தம்? மத்திய அரசுக்கா, மாநிலத்துக்கா?"

குகநாதர் அடுப்பிலிருந்த தண்ணீரை இறக்கி வைத்தார். "நீங்க எந்தப் பக்கம்?"

"மாநிலம்தான். இந்த மலையில இருக்கிற பிள்ளைக்கு என்ன பாடம் வேணும்னு தூரத்துல இருக்கிறவனுக்கு எப்படிங்க தெரியும்?"

"நல்ல வார்த்தை. போன வருஷமும் இதையேதான் பேசினீங்களா?"

வாத்தியார் கொஞ்சம் நெளிந்தார். "போன வருஷம் அந்தப் பக்கத்துக்கு ஆள் குறைஞ்சுபோச்சு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி செலவு பண்ணணும்னா பணம் ஒரே கையிலிருந்து வரணும்னு பேசினேன். அதுலயும் நியாயம் இருக்குங்க."

"இருக்கு. எந்தப் பக்கம் ஜெயிச்சுது?"

"ரெண்டு வருஷமும் நான் பேசின பக்கம்தான்."

"பள்ளிக்கூடம்?"

"மூடிருவாங்க போலிருக்கு சாமி. செலவுக்குப் பணமும் வரலை. கேட்டா இவங்க அவங்களைச் சொல்றாங்க, அவங்க இவங்களைச் சொல்றாங்க. பிள்ளைகளெல்லாம் ஒவ்வொண்ணா கீழே விடுதிக்குப் போயிருச்சு. ஒரே ஒரு பெண் பிள்ளைதான் பாக்கி. அதையும் திங்கட்கிழமை கூட்டிட்டுப் போறதா அவங்கப்பன் சொல்லிட்டான். முப்பது வருஷம் சாமி. அந்த ஒரு அறையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"



"பெரிய கேள்விதான் கேட்டிருக்கீங்க. இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. மேலே போவோம்" என்று குகநாதர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

பூட்டிய பள்ளியின் படியில் அந்த ஒரே பிள்ளை செவ்வந்தி உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. பை மடியில் இருந்தது. வாத்தியாரைக் கண்டதும் எழுந்து, "வணக்கம் சார்" என்றாள்.

"நான்தான் இன்னிக்கு லீவுன்னு சொல்லியிருந்தேனே?"

"சும்மா வந்தேன் சார்."

பூட்டியிருந்த நாளெல்லாம் அவள் இப்படித்தான் சும்மா வந்தாளா என்று கேட்க வாத்தியாருக்கு வாய் வரவில்லை. கதவைத் திறந்தார். ஆள் இல்லாத பெஞ்சுகளில் விரல் கனத்துக்குத் தூசி.

குகநாதர் செவ்வந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஆஜர் எடுங்க வாத்தியாரே."

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் ஏற்படுத்தியதுதான். வந்த பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். வராத பிள்ளைக்கு, வந்திருக்கிற பிள்ளைகள் குரல் கொடுக்க வேண்டும்.

வாத்தியார் பதிவேட்டைப் பிரித்தார்.

"மாதையன்."

"வரலைங்க சார்" என்றாள் செவ்வந்தி.

"கோகிலா."

"வரலைங்க சார்."

பத்துப் பெயர்களுக்கும் அவள் ஒருத்தியே சொன்னாள். மாதையன் வலது ஜன்னலோரம் உட்காருவான், கோகிலாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு மட்டும் தகராறு. ஒவ்வொரு பெயருக்கும் வாத்தியாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"செவ்வந்தி."

"உள்ளேன் ஐயா."

காலி அறையில் அது பெரிதாகக் கேட்டது.

குகநாதர் எழுந்து போய்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல எல்லா நாளும் பதினொரு பேரும் வந்ததா இருக்கே."

"எண்ணிக்கை குறைஞ்சா மூடிருவாங்க சாமி."

"யாரு மூடுவாங்க?"

"மத்திய அரசோ, மாநில அரசோ. யாரோ தூரத்துல இருக்கிறவங்க."

குகநாதர் தலையசைத்தார். பதிவேட்டின் முதல் பக்கத்துக்குத் திருப்பி, அங்கே ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் மையில் எழுதியிருந்ததை ஆஜர் எடுப்பதுபோல நிதானமாக வாசித்தார்.

"மு. பரிதியப்பன்."

ஊர் ஊராக ஒலிபெருக்கியில் வாத்தியார் கேட்டுப் பழகிய பெயர்தான். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அதை யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் எப்போதும் சார்.

செவ்வந்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். தனக்கு முன்னால் படித்துப் போன யாரோ ஒருத்தன் என்று நினைத்திருப்பாள். யாரும் குரல் கொடுக்காததால், வழக்கப்படி அவளே கொடுத்தாள்.

"வரலைங்க சாமி."

குகநாதர் பதிவேட்டை மூடி வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் அதை வாங்கிக்கொண்டார்.