நுரை குறைந்த சோப்பு

மலையடிவாரத்து மடத்தில் வடிவம்மை குரு, ஏகாம்பரம் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல். பெருமை அதற்கும் மேல்.

பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்பவர்களுக்கு மடம் சோப்பு கொடுத்துவந்தது. செய்வது ஏகாம்பரம். முழுக்க முழுக்கத் தேங்காயெண்ணெய். தண்ணீர் பட்டதும் நுரை முழங்கைவரை பொங்கும். எல்லோரும் மெச்சினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஊரே புகழுது. என் சோப்பைப் பத்தி நீங்க மட்டும் வாயே திறக்கலையே, அம்மா?"

வடிவம்மை அவரைக் குவாரிக்கு அழைத்துப் போனார். அங்கே சீனியம்மாள் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க கையை உங்க சோப்பாலயே கழுவி விடுங்க."

சீனியம்மாள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி. எரியும்."

விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சுத்தியலைப் பிடிக்க முடியாமல் துணி சுற்றியிருந்தாள். இப்படியே போனால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியாகிவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றார் ஏகாம்பரம்.

"எல்லாரும் நொரையப் பாத்து ஆகா ஓகோன்னாங்க. எனக்கு மட்டுந்தான் எரியுதுன்னு நெனச்சேன்."

"கொஞ்ச நாள் சோப்பே போடாதீங்க. விளக்கெண்ணெய் தடவுங்க," என்றார் வடிவம்மை. "வெறும் தேங்காயெண்ணெய் சோப்பு அழுக்கோட தோலின் எண்ணெய்ப்பசையையும் எடுத்துடுது. நீங்க பன்றி வளர்க்கிறீங்கல்ல? கொழுப்பு கிடைக்குமா?"

"கெடைக்கும். ஆனா மடத்துக்குள்ள அதெல்லாம்..." அவள் ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிடவா கேட்டேன்? கை கழுவத்தானே."

ஏகாம்பரம் முகத்தைச் சுளித்தபடியே கொழுப்பை உருக்கி வடிகட்டினார். கொஞ்சம் தேங்காயெண்ணெய், துளி விளக்கெண்ணெய் சேர்த்தார். பிறகு வழக்கமான அளவுக்குக் காஸ்டிக் சோடாவை எடுத்தார். வடிவம்மை அவர் கையைப் பிடித்தார்.

"கொழுப்பு மாறிடுச்சு, சோடா மட்டும் மாறாதா? இதுக்கு அவ்வளவு வேணாம். மிஞ்சினா இதுவும் எரியும்."

சோடாவைக் குறைத்தார்கள். சில வாரம் காயவைத்ததும் சோப்பு கெட்டியாக, வெள்ளை வெளேரென்று வந்தது.

குவாரித் தொட்டியடியில் சீனியம்மாள் கை கழுவினாள். நுரை பாலேடு மாதிரி மெல்லிசாகத்தான் வந்தது. கழுவி முடித்தவள், மறுபடியும் சோப்பை எடுத்துத் தேய்த்தாள். ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் மடத்துக்குத் திரும்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை.

"நுரை பத்தலைன்னு வந்து நிப்பாங்களே, அம்மா?"

"நிக்கட்டுமே. ஊரே புகழ்ந்தப்போ, எரியுதுன்னு சொல்ல ஒருத்தரும் உங்ககிட்ட வரலையே."