அழியாத நீலம்

"எந்த நீலம் அழியாது, வாத்தியாரம்மா?" என்று மிக்கேல் கேட்டார்.

மிக்கேலுக்கு அறுபத்திரண்டு வயது. தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அவருக்குக் கத்தி செய்யக் கற்றுக்கொடுக்கும் செண்பகவல்லிக்கு முப்பத்தைந்து. உலை முன்னால் இருவரும் வயதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் செய்த முதல் கத்தி மடியில் கிடந்தது. அக்கா பிரகாசிக்காகச் செய்தது.

பிரகாசி சந்தையில் மீன் வெட்டித் தருபவள். கண்ணில் புரை விழுந்துவிட்டது. மீனும் பளபளக்கிறது, கத்தியும் பளபளக்கிறது. இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டாள். இன்னொரு முறை அறுத்தால் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான்.

சந்தைக்குப் போகாவிட்டால் அக்கா ஒரு மாதம் தாங்கமாட்டாள். மிக்கேலுக்கு அது தெரியும். அதனால்தான் மீனிலிருந்து பிரிந்து தெரியும்படி கத்திக்குக் கருநீலம் ஏற்ற நினைத்தார்.

"கடையில புட்டி மருந்து விக்கான். தடவினா பத்து நிமிசம்."

"அது மீன்லயும் ஒட்டும், அண்ணாச்சி."

"தணல்ல காட்டினா?"

"மயில் கழுத்து நிறம் வரும். சூடு கொஞ்சம் கூடினாலும் இரும்பு இளகிப்போவும், கூர் நிக்காது."

"துருவ ஏத்தி வெந்நீர்ல போடுறது?"

"ஏழு நாள் ஆவும். துருவே கருநீலமா மாறி ஒட்டிக்கிடும்."

"அழியாதுல்லா?"

"தீட்டாத கத்தியில எந்த நீலமும் அழியாது."

மிக்கேல் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏழு நாள் துரு ஏற்றினார், கொதிக்கவைத்தார், தேய்த்தார். கூர் உட்பட ஒரு புள்ளி விடவில்லை. எட்டாம் நாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு வந்தார்.

பிரகாசி கத்தியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"கத்தி நல்லாத் தெரியுதுலே. கூரு எந்தப் பக்கம்?"

மிக்கேலுக்கு முகம் செத்துவிட்டது.

செண்பகவல்லி கத்தியை வாங்கினாள். தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டத் தொடங்கினாள்.

"நீலம் போவுதே! ஏழு நாள் பாடும்மா!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கத்தியைத் திருப்பி மறுபக்கமும் தீட்டினாள். துடைத்து, பிரகாசியிடம் நீட்டினாள்.

பிரகாசி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கருநீலத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"இந்தா இருக்கு," என்றாள். "இந்தக் கோட்டுக்கிட்ட வெரலக் கொண்டுபோவக் கூடாது. அம்புட்டுத்தான?"

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"கோடு மங்கிப்போனா என்னலே செய்ய?"

மிக்கேல் குனிந்து தீட்டுக்கல்லை எடுத்தார். ஈரத்தை வேட்டியில் துடைத்து அக்கா கையில் வைத்தார்.