வலது ஓரத்தில் இரண்டு பேர்

குருவுக்கு வயது முப்பது. சிஷ்யைக்கு முப்பத்தாறு. சிரிக்க வேண்டாம். கபடியில் அது நடக்கும்.

குரு உலகம்மை. வலசைத்துறை பெண்கள் அணியின் கோச். சிஷ்யை பேச்சித்தாய். பதினோரு வருடமாக அதே அணியில், வலது ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள்.

ஓரத்தில் நிற்பவள் எஸ்தர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் காலை அவள் பாய்ந்து பிடிப்பாள். அவள் கையைக் கோத்துக்கொண்டு நிற்கும் பேச்சித்தாய் உடனே மேலே விழுந்து அமுக்குவாள். முதலில் பிடித்தவளுக்குத்தான் புள்ளி. அமுக்கியவளுக்கு முழங்கை வீக்கம்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் மேனேஜர் ஒரு தாளைக் காட்டினார்.

"இந்த வருஷம் உன் பேர்ல நாலு புள்ளி. அடுத்த வருஷ லிஸ்ட்ல உன்னை எப்படிம்மா போடறது?"

பதிலை ஆட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் பேச்சித்தாய்.

விசில் அடித்தது. எதிரணியின் நாகஜோதி பாடி வந்தாள். ஆறடி. எஸ்தர் பாயக் குனிந்தாள். பேச்சித்தாய் அவள் கையை உதறிவிட்டு, தானே தாவித் தொடையைக் கட்டிப் பிடித்தாள். நாகஜோதி அவுட்!

"பேச்சித்தாய்! பேச்சித்தாய்!" மைக் அலறியது. பதினோரு வருடத்தில் மைக்கில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. இன்னொரு தடவையும் அப்படியே செய்தாள். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

அதற்குப் பிறகு எஸ்தர் பாயவில்லை. நாகஜோதியின் கால் முன்னாலேயே வந்து ஆடியது. எஸ்தர் நின்றாள். தொட்டுவிட்டுப் போனாள் நாகஜோதி. மூன்று தடவை.

இடைவேளை. பதினொன்றுக்குப் பதினாறு. தோற்கிறார்கள்.

"எஸ்தருக்கு என்ன கேடு கோச்? ஏன் பாய மாட்டேங்கிறா?" பேச்சித்தாய் கத்தினாள்.

உலகம்மை தண்ணீர் பாட்டிலை மூடினாள். "நீ ஓரத்துல நில்லுக்கா. எஸ்தர் உன் இடத்துல நிக்கட்டும்."

"நானா? ஃபைனல்ல விளையாடுறீங்களா?"

"ஃபைனல்ல விளையாடாம வேற எங்க விளையாடறது? போ."

பிறகு எஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். எஸ்தர் திருதிருவென்று விழித்தாள். தலையாட்டினாள்.

இரண்டாம் பாதி. நாகஜோதி வந்தாள். அவள் குதிகால் பேச்சித்தாய்க்கு ஒரு முழம் முன்னால் வந்து ஊன்றியது. குனிந்தால் போதும். பேச்சித்தாய் குனிந்தாள்.

கோத்திருந்த எஸ்தரின் கை நழுவியது.

அரை நொடி. பேச்சித்தாய் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் முழங்காலில் ஒரு உதை. நாகஜோதி நடுக்கோட்டைத் தாண்டிப் போய் நின்று சிரித்தாள். பேச்சித்தாய் அவுட். வெளியே வந்து கோச்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கை போயிருச்சு கோச்."

"போனா என்ன? கால் முன்னாலதான இருந்துச்சு? பிடிக்க வேண்டியதுதான?"

"பின்னால ஆள் இருக்கான்னு பார்த்துட்டேன்."

"எஸ்தரும் பார்த்தா. மூணு தடவை."

"நான் கவனிக்கல."

"நீ மைக்கைக் கவனிச்சிட்டிருந்த."

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே வலசைத்துறை ஒரு புள்ளி எடுத்தது. அவுட் ஆனவள் திரும்பப் போகலாம்.

"எந்த இடத்துல நிக்கட்டும்?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

பேச்சித்தாய் ஓடினாள். எஸ்தரை ஓரத்துக்குத் தள்ளினாள். கையை நீட்டினாள். எஸ்தர் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தாள்.

"விட மாட்டேன்டி. வா."

எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! பதினாறு, பத்தொன்பது, இருபத்துமூன்று. எஸ்தர் பாய்ந்தாள், பேச்சித்தாய் விழுந்தாள். பாய்ந்தாள், விழுந்தாள். கடைசி நிமிடத்தில் இருபத்தேழுக்கு இருபத்தேழு.

நாகஜோதியின் கடைசிப் பாட்டு. அதற்கு முன் இரண்டு தடவை அந்த அணி வெறுங்கையோடு திரும்பியிருந்தது. மூன்றாவது தடவை யாரையாவது தொட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் அவுட்.

நேராக வலது ஓரத்துக்கு வந்தாள். பேச்சித்தாய்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவள் தொடை. பிடித்தால் புள்ளி. பெயர். அடுத்த வருடம்.

பேச்சித்தாய் அசையவில்லை. எஸ்தரின் கையை இறுக்கினாள்.

எஸ்தர் பாய்ந்தாள். குதிகால் சிக்கியது. நாகஜோதி அவளையும் இழுத்துக்கொண்டு கோட்டை நோக்கிப் பாய்ந்தாள். பேச்சித்தாய் நாகஜோதியின் நெஞ்சில் போய் மோதினாள். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண்.

விசில்!

"எஸ்தர்! எஸ்தர்!" மைக் அலறியது. எஸ்தரைத் தோளில் தூக்கினார்கள். பேச்சித்தாய் ஆடுகளத்தில் மல்லாந்து கிடந்தாள். உதடு கிழிந்திருந்தது.

மைதான ஓரத்தில் மேனேஜர் தாளில் ஒரு பெயரை அடித்தார். உலகம்மை என்னவோ சொன்னாள். அவர் முறைத்தார். பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடி எழுதினார்.

உலகம்மை வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"என்ன சொன்னாரு கோச்?"

"எஸ்தரை வச்சுக்கலாம், அந்த அக்கா எதுக்குன்னாரு."

"நீங்க?"

"அந்தப் பிள்ளைக்கு நாலு காலு சார், ரெண்டை வெட்டிட்டா எப்படிப் பாயும்னேன்."